ஈர மணல்ல கோல்ஃப் ஸ்விங்: பாரம் எப்ப மாறணும், இடுப்பு எப்பத் திரும்பணும்?

உச்சிப்புளி வாசி:

எல்லாருக்கும் வணக்கம். வலது கை ஆட்டம், அதாவது இலக்கு எனக்கு இடப்பக்கம். கையில இருக்கிற கிளப் (பந்தை அடிக்கிற மட்டை) மூணு: நடுத்தூரத்துக்கு 7 அயர்ன், மணல்ல இருந்து எடுக்க சேண்ட் வெட்ஜ், தூர அடிக்கு டிரைவர், அவ்வளவுதான். பயிற்சி ரெண்டு இடத்துல. விடியக்காலையில அரியமான் கடற்கரையில, அலை நனைச்சுட்டுப் போன இறுக்கமான மணல்ல, பந்து இல்லாம. சாயங்காலம் வத்திப்போன கண்மாய்த் தரையில, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து வச்சு. புல் தரை கிடைக்கிறது கொடைக்கானல் போற அன்னைக்கு மட்டும்தான்.

பிரச்சினை முழுக்க இடுப்புக்குக் கீழ. 7 அயர்ன் பந்துக்குப் பின்னாலேயே தரையைக் கொத்துது. அதைத் தவிர்க்கப் பாத்தா பந்தோட தலையில பட்டு உருண்டு ஓடுது. டிரைவர்ல பந்து வலப்பக்கமா வளைஞ்சு போகுது. அடிச்சு முடிக்கும்போது உடம்பு வலது காலுக்கே திரும்பி வந்து சாயுது. காய்ஞ்ச மணல்ல நின்னா வலது கால் வெளிப்பக்கம் சறுக்குது.

பாரம் வலது காலுக்கு எப்பப் போகணும், இடது காலுக்கு எப்பத் திரும்பணும்? பேக்ஸ்விங்ல (கிளப்பைப் பின்னால மேல தூக்குறப்ப) இடது குதிகாலைத் தூக்கலாமா கூடாதா? இதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. மணல்ல பழகுறது காலுக்கு நல்லதா, இல்ல தப்பான பழக்கத்தைக் கொடுத்துருமா?

மண்டபம்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். பாத அழுத்தத்தை அளக்கிறதுக்குன்னே சென்சார் வச்ச பலகை இருக்கு, விலை அதிகம். அது காட்டுறதுல பெரும்பகுதியை ஈர மணலே காட்டிரும். தடத்தைப் படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

இடம் முக்கியம். அலை ஏறி இறங்கின பட்டையில, தண்ணி வடிஞ்சு மேல பளபளப்பு போன இடம் வேணும். அதுக்குக் கீழ நின்னா குழைஞ்சுரும், மேல போனா உதிரும். சரியான மணல்ல பாதம் அரை அங்குலம்தான் பதியும், ஓரம் இடியாது. காலை வெயில் சாய்வா விழுற நேரத்துல தடத்துக்குள்ள நிழல் விழும், ஆழ வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெயில் ஏறிட்டா தெரியாது.

வெறுங்காலோட மூணு தடம் எடுங்க, தனித்தனி இடத்துல. முதல் தடம் நிக்கிற நிலை மட்டும். அடிக்கப் போற மாதிரி நின்னு, மூணு எண்ணி, அப்படியே பின்னால எட்டு வச்சு வெளிய வந்துருங்க. ரெண்டாவது தடம் பேக்ஸ்விங் உச்சி வரைக்கும். மேல போனதும் நிறுத்தி, அங்கேயே கிளப்பைக் கீழ விட்டுட்டு வெளிய வாங்க. மூணாவது முழு வீச்சு, முடிச்ச நிலையில மூணு எண்ணிட்டு வெளிய வரணும். ஒரே இடத்துல மூணையும் செஞ்சா தடத்து மேல தடம் விழுந்து ஒண்ணும் புரியாது.

முதல் தடத்துல குதிகாலும் பெருவிரல் அடியும் ஒரே ஆழம் இருக்கணும். விரல் பக்கம் குழி ஆழமா இருந்தா பந்தை நோக்கிச் சாஞ்சு நிக்கிறீங்கன்னு அர்த்தம். பாரம் ஷூ கயிறு கட்டுற இடத்துக்குக் கீழ இருக்கணும்.

ரெண்டாவது தடத்துல வலது பாதத்தைப் பாருங்க. உள் விளிம்பும் குதிகாலும் ஆழமா இருந்தா இடுப்பு திரும்பியிருக்கு. வெளி விளிம்பு ஆழமா இருந்து, அதுக்கு வெளிய மணல் சின்ன வரப்பு மாதிரி ஒதுங்கியிருந்தா இடுப்பு திரும்பல, பக்கவாட்டுல நகர்ந்திருக்கு. உங்க வலது கால் காய்ஞ்ச மணல்ல வெளிய சறுக்குறதுக்கு இதுதான் காரணமா இருக்கும். ஈர மணல்ல சறுக்காது, ஆனா அந்த வரப்பு காட்டிக்கொடுத்துரும்.

மூணாவது தடத்துல வலது பாதம் முழுசாப் பதிஞ்சே இருக்கக் கூடாது. பெருவிரல் இருக்கிற இடத்துல காசு அளவுக்கு ஒரு திருகின குழி, குதிகால் பக்கம் பழைய பதிவு லேசா, அவ்வளவுதான் இருக்கணும். இடது பாதத்துல வெளி விளிம்பும் குதிகாலும் ஆழமா இருக்கணும். நீங்க சொல்றதைப் பாத்தா உங்க மூணாவது தடத்துல வலது பாதம் அப்பம் மாதிரி தட்டையாப் பதிஞ்சிருக்கும். பாத்துட்டுச் சொல்லுங்க.

இன்னொண்ணு. ஈர மணலை மிதிச்சா மிதிச்ச இடத்தைச் சுத்தி மணல் ஒரு நொடி வெளுத்துக் காயுதுல்ல, அதைப் பாத்திருப்பீங்க. அழுத்தம் விழும்போது மணிகள் ஒண்ணை ஒண்ணு தள்ளி இடைவெளி பெருகுது, மேல இருந்த தண்ணி உள்ள இறங்கிருது. போனைத் தரையை ஒட்டி வச்சு, ஸ்லோ மோஷன்ல பாதத்தை மட்டும் எடுங்க. இடது பாதத்தைச் சுத்தி மணல் எந்த நேரத்துல வெளுக்குதுன்னு பாருங்க. கிளப் மேல போய் நின்னதுக்கு அப்புறம் வெளுத்தா பிந்திட்டீங்க.

தொண்டி:

மண்டபம் அண்ணன் தடத்தைச் சொல்லிட்டார். நான் நேரக்கணக்கைச் சொல்றேன், ஏன்னா இந்தக் கோளாறுல பாதி நேரத்துலதான் இருக்கு.

நிக்கும்போது 7 அயர்னுக்குக் குதிகால் ரெண்டுக்கும் நடுவுல தோள் அகலம். டிரைவருக்கு அதைவிடப் பக்கத்துக்கு ஒரு ரெண்டு அங்குலம் கூட. இதைவிட அகலமா நின்னா இடுப்பு திரும்பாது, நகர மட்டும்தான் செய்யும். வலது பாதம் நேரா, இல்ல துளி வெளிய. இடது பாதத்தை இலக்குப் பக்கமா 20 முதல் 30 டிகிரி திருப்பி வைங்க. பழைய சாம்பியன் பென் ஹோகன் வலது பாதம் நேரா, இடது பாதம் கால்வாசி திரும்பின நிலைன்னு சொல்லிக்கொடுத்தது இன்னைக்கும் நல்ல ஆரம்பம். இடது பாதம் திரும்பியிருந்தா டவுன்ஸ்விங்ல (கிளப் கீழ இறங்கி அடிக்க வர்றப்ப) இடுப்பு திறக்க வழி கிடைக்கும், இடது முட்டியில முறுக்கும் குறையும். வலது இடுப்பு இறுக்கமா இருக்கிறவங்க வலது பாதத்தையும் 15 டிகிரி வெளிய வச்சா பேக்ஸ்விங் சுலபமாகும்.

பேக்ஸ்விங்ல பாரம் சீக்கிரமே வலதுக்குப் போயிரணும். இடது கை தரைக்கு இணையா வர்றதுக்குள்ள வலது பாதத்துல முக்கால் பங்கு வந்திருக்கும். வலது முட்டி மடிப்பு கொஞ்சம் நிமிரும், பூட்டிக்கக் கூடாது. அதை நிமிரவே விடாம மடிச்சுப் பிடிக்கணும்னு சொல்றவங்க உண்டு. அப்படிப் பிடிச்சா இடுப்பு முப்பது டிகிரி கூடத் திரும்ப மாட்டேங்குது, முதுகுதான் மிச்சத்தை வாங்குது. தோள் 90, இடுப்பு 45, இந்த அளவுக்கு வலது முட்டி கொஞ்சம் நிமிர்ந்தாகணும். இடது முட்டி பந்துக்குப் பின்னால இருக்கிற இடத்தைப் பாக்குற மாதிரி உள்ள வரும்.

எல்லாரும் தப்பு விடுற இடம் அடுத்தது. கிளப் மேல போய்ச் சேர்றதுக்கு முன்னாலேயே கீழ் உடம்பு இலக்குப் பக்கம் புறப்பட்டிருக்கணும். கை இன்னும் மேல போயிட்டிருக்கும், இடது பாதம் அமுங்க ஆரம்பிச்சிருக்கும். அந்த ஒரு கண நேரத்துல உடம்பு ரெண்டு பக்கமும் இழுபடுது, வேகம் அங்கதான் உருவாகுது. மேல போய் நின்னு, "சரி, இப்பப் பாரத்தை மாத்துவோம்"னு நினைச்சா முடிஞ்சது. ஒரு முழு டவுன்ஸ்விங் கால் விநாடிதான். அதுக்குள்ள நினைச்சுச் செய்ய நேரமே கிடையாது. கால் வரலன்னா தோள் முந்திக்கும். தோள் முந்தினா கிளப் வெளியில இருந்து உள்ள வரும், கிளப்போட முகம் வலப்பக்கம் திறந்திருக்கும், பந்து வலப்பக்கம் வளையும். பாரம் வலதுலயே இருக்கிறதால வீச்சோட அடிமட்டப் புள்ளியும் பந்துக்குப் பின்னால நிக்கும், தரையைக் கொத்தும். கொத்தக் கூடாதுன்னு உடம்பு எழும்பினா பந்தோட தலையில படும். நீங்க மூணு பிரச்சினையா எழுதினது ஒரே பிரச்சினை.

டவுன்ஸ்விங்ல இடது கை திரும்பவும் தரைக்கு இணையா வரும்போது இடது பாதத்துல முக்கால் பங்கு இருக்கணும். பந்துல படும்போது அயர்னுக்கு எண்பதை ஒட்டி. இடுப்பு முதல்ல ரெண்டு மூணு அங்குலம் இலக்குப் பக்கம் நகரும், துளி உக்காரும். உடனே இடது கால் தரையை மிதிச்சு நிமிரும், அந்த நிமிர்வுதான் இடது இடுப்பைப் பின்னால தள்ளித் திருப்பும். நகர்றது, உக்காருறது, மிதிச்சு நிமிர்ந்து திரும்புறது, இந்த வரிசை மாறக் கூடாது. படும் நேரத்துல வலது குதிகால் லேசாத்தான் எழும்பியிருக்கும். முழுசா எழும்புறது அதுக்கு அப்புறம்.

குதிகால் விஷயம். ஜாக் நிக்லஸ் இடது குதிகாலை நல்லாத் தூக்கித்தான் 18 மேஜர் (கோல்ஃபோட பெரிய போட்டிகள்) ஜெயிச்சார், 1962ல இருந்து 1986 வரைக்கும். அதனால தூக்குறது தப்பு இல்ல. இடுப்பு இறுக்கமா இருந்தா, வயசு நாப்பதைத் தாண்டியிருந்தா ஒரு அங்குலம் தூக்குங்க. குதிகாலைத் தூக்குறதே நோக்கமா இருக்கக் கூடாது, இடுப்பு திரும்பும்போது அது தானா இழுபட்டு எழும்பணும். இன்னொரு லாபமும் இருக்கு. தூக்கின குதிகாலை அதே இடத்துல தரையில ஊன்றதுதான் டவுன்ஸ்விங்குக்கு முதல் அசைவு. உங்களுக்கு நேரம் பிந்துறதால ஒரு மாசம் தூக்கிப் பழகுங்கன்னு சொல்வேன்.

கீழக்கரை:

தொண்டி அண்ணன் சொன்ன வரிசை சரி. குதிகால் தூக்குறதுல மட்டும் எனக்கு ஒத்துப்போகல. வலது பக்கம் நகர்ற ஆளுக்குக் குதிகாலைத் தூக்கச் சொன்னா இன்னும் கூடத்தான் நகரும். முதல்ல ரெண்டாவது தடத்துல வெளி வரப்பு இருக்கா இல்லையான்னு தெரியட்டும். இருந்தா குதிகால் தரையிலயே இருக்கட்டும். வலது பாதத்தோட வெளி விளிம்புக்கு அடியில ஒரு தட்டையான கல்லோ பழைய கோல்ஃப் பந்தோ வச்சு, பாதம் உள்பக்கம் சாஞ்ச நிலையில அரை வீச்சு இருபது போடுங்க. வெளிய நகரவே முடியாது. மணல்ல பந்து புதைஞ்சுரும், கண்மாய்த் தரையில செய்ங்க.

இன்னொரு கோளாறையும் பாத்துக்கணும். கால் தரையை மிதிச்சு நிமிரும்போது நிறையப் பேருக்கு இடுப்பு பின்னால போகாம பந்தை நோக்கி முன்னால வந்துரும். கைக்கு இடம் இல்லாமப் போய், பந்து கிளப்போட கழுத்துல படும், இல்லன்னா தலையில படும். தடத்துல பாத்தா இடது பாதத்துல குதிகாலுக்குப் பதிலா விரல் பக்கம் ஆழமா இருக்கும், வலது பெருவிரல் பந்தை நோக்கி ஒரு கோடு கீறியிருக்கும்.

இதுக்குப் பனைமரம் போதும். சிராய் குத்தும், அதனால மடிச்ச துண்டை இடுப்பு உயரத்துல மரத்தைச் சுத்திக் கட்டிக்குங்க. கிளப் இல்லாம, கையை நெஞ்சுல குறுக்கக் கட்டி, புட்டம் ரெண்டும் துண்டுல லேசாத் தொடுற மாதிரி குனிஞ்சு நில்லுங்க. மரம் ஒல்லியா இருந்தா கரையில ஏத்தி வச்ச நாட்டுப்படகோட பக்கப் பலகையும் ஆகும், உரிமையாளர்கிட்டக் கேட்டுக்குங்க. பேக்ஸ்விங்ல வலது புட்டம் துண்டை அழுத்தும், இடது விலகும். டவுன்ஸ்விங் ஆரம்பத்துல ஒரு கணம் ரெண்டும் தொடும். அதுதான் உக்காருற நேரம். அப்புறம் இடது புட்டம் அழுத்திட்டுத் தேய்ச்சுக்கிட்டே போகும். நடுவுல ரெண்டும் விலகினா இடுப்பு முன்னால போயிருச்சு. பத்துத் தடவை மெதுவா, அஞ்சு எண்ணி ஒரு வீச்சு. வேகம் இதுல வேண்டாம், கிளப்பும் வேண்டாம்.

விலகிக்கிட்டே இருந்தா உடம்பு விடலன்னு அர்த்தமா இருக்கலாம். சுவத்துக்கு முன்னால ஒரு காலை வச்சு, பெருவிரலுக்கும் சுவத்துக்கும் நடுவுல பத்து சென்டிமீட்டர் விட்டு, குதிகால் எழும்பாம முட்டியைச் சுவத்துல தொட முடியுதான்னு பாருங்க. முடியலன்னா கெண்டைக்கால் இறுக்கம். நிமிர்ந்து நிக்க உடம்புக்கு வேற வழி இல்லாம முன்னால தள்ளும். தினம் ரெண்டு வேளை, குதிகால் தரையில பட குந்தி உக்காந்து ஒரு நிமிஷம் இருந்தாலே நாளாக நாளாக இளகும். வலை பின்னுறவங்க குந்தி உக்காந்து எத்தனை மணி நேரம் வேலை பாக்குறாங்கன்னு பாருங்க, அந்தக் கணுக்கால் கோல்ஃபுக்குக் கிடைச்சா வரம்.

அப்புறம் நாற்காலியில நுனியில உக்காந்து, முட்டி ரெண்டையும் ஒட்டி வச்சு, ஒரு பாதத்தை மட்டும் வெளிய தூக்குங்க. இடுப்பு மூட்டு உள்பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு தெரியும். இடது பக்கம் நல்லாக் குறைஞ்சிருந்தா, தொண்டி அண்ணன் சொன்ன 30 டிகிரிக்கு இடது பாதத்தைத் திருப்பி வைக்கிறது கட்டாயம். வலி இருந்தா நிறுத்திட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க.

உச்சிப்புளி வாசி:

இன்னைக்குக் காலையில மூணு தடமும் எடுத்தேன். ரெண்டாவதுல வலது பாதத்துக்கு வெளிய வரப்பு நிச்சயமா இருக்கு, விரல் தடிமன். மூணாவதுல மண்டபம் அண்ணே சொன்ன மாதிரியே வலது பாதம் தட்டை, குழி எதுவும் இல்ல. இடது பாதத்துல விரல் பக்கம் ஆழம் இல்ல, குதிகாலும் ஆழம் இல்ல, எல்லாமே லேசு.

இன்னொரு சந்தேகம். ஸ்காட்டி ஷெஃப்லர் அடிக்கும்போது வலது கால் பின்னால வழுக்கிப் போகுதே. அவர் 2022லயும் 2024லயும் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயிச்சவர். என் கால் சறுக்குறதும் அதுவும் ஒண்ணா?

தொண்டி:

ஒண்ணு இல்ல. உங்க கால் சறுக்குறது பேக்ஸ்விங்ல, பாரம் அது மேல இருக்கும்போது. அவர் கால் சறுக்குறது டவுன்ஸ்விங்ல, பாரம் அதை விட்டுப் போனதுக்கு அப்புறம். அவர் இடது காலால தரையை மிதிச்சுத் திரும்புற வேகத்துல, பாரம் இல்லாத வலது கால் பின்னால இழுபடுது. அது விளைவு. காலை வேணும்னே இழுத்தா அந்த வேகம் வராது, தடுமாற்றம்தான் வரும். ஜஸ்டின் தாமஸ்ங்கிற ஆட்டக்காரருக்குப் பந்துல படும் நேரத்துல இடது குதிகால் தரையை விட்டு எழும்புறதும் இதே கதைதான். எழும்பணும்னு அவர் குதிக்கல, மிதிச்ச மிதிக்குத் தரை திருப்பித் தள்ளுது.

வரப்பு இருக்குன்னு சொன்னதால கீழக்கரை சொன்னது சரி. குதிகாலைத் தூக்குறதை அப்புறம் பாத்துக்கலாம், என் ஆலோசனையை மாத்திக்கிறேன்.

சாயல்குடி:

இந்தப் பக்கத்துல சிலம்பம் தெரிஞ்சவங்க நிறைய. அவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிரலாம்: காலடி முந்தணும், கம்பு பிந்தணும். கம்பு சுத்தும்போது அடி வச்ச கால் தரையில ஊன்றினதுக்கு அப்புறம்தான் கம்பு வந்து சேரும். கோல்ஃப்ல அதே கணக்கு, காலை எடுத்து வைக்காம அழுத்தத்தை மட்டும் எடுத்து வைக்கிறோம். அதனால எடுத்து வச்சே பழகிட்டு, அப்புறம் எடுக்காம பழகுறதுதான் குறுக்கு வழி.

பாதம் ரெண்டையும் ஒட்டி வச்சு நில்லுங்க, 7 அயர்ன். கிளப் பின்னால போகட்டும். அது இடுப்பு உயரத்தைத் தாண்டினதும், இன்னும் மேல போயிட்டிருக்கும்போதே, இடது காலை இலக்குப் பக்கமா ஒரு பாத நீளம் எடுத்து வச்சு ஊன்றுங்க. ஊன்றின சத்தம் கேட்டதுக்கு அப்புறம் கிளப் கீழ வரணும். ஈர மணல்ல அந்த "தொப்" நல்லாவே கேக்கும். சத்தமும் வீச்சும் ஒண்ணா வந்தா பிந்திட்டீங்க. முதல் நாள் அரை வீச்சுல முப்பது. ரெண்டாவது வாரம் பந்தோட. எடுத்து வைக்கிற காலைப் பந்துக்கு நேரா ஊன்றாதீங்க, பந்துக்கு இலக்குப் பக்கம் இருக்கிற மாதிரி ஊன்றணும்.

பாரம் வலது பக்கமே தங்குறதைச் சரிபண்ண, பழைய சாம்பியன் கேரி பிளேயர் மாதிரி அடிச்ச கையோட வலது காலை முன்னால எடுத்து வச்சு இலக்கை நோக்கி நடந்துருங்க. பாரம் பின்னால இருந்தா நடக்கவே முடியாது, உடம்பே காட்டிக்கொடுத்துரும். எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேர்மையான பரிசோதனை கிடையாது. பத்து அடிக்கு மூணு தடவை இப்படி நடந்து முடிங்க.

கொத்துறதுக்கு மணல்ல ஒரு கோடு போடுங்க. ரெண்டு பாதத்துக்கும் நடுவுல, பந்து இருக்கிற இடத்துல, இலக்குக்குக் குறுக்கா ஒரு அடி நீளம். அரை வீச்சு மட்டும். கிளப் மணல்ல படுற கீறல் கோட்டுல ஆரம்பிச்சு இலக்குப் பக்கம் நீளணும், அதோட ஆழமான இடம் கோட்டுக்கு நாலு விரல் தள்ளி இருக்கணும். கோட்டுக்குப் பின்னால ஆரம்பிச்சா அது ஒரு கொத்து. வரிசையா பத்துக் கோடு போட்டு, பத்துல எத்தனைன்னு எண்ணுங்க. முழு வேகத்துல ஈர மணலை வெட்டாதீங்க, புல் மாதிரி விடாது, மணிக்கட்டு வாங்கிரும்.

வெறுங்கால்னு சொல்லியிருக்காங்க, நல்லதுதான். ஆனா நிக்கிற இடத்தை முதல்ல காலால இல்லாம கண்ணால பாருங்க. வலையில இருந்து உதறிப் போட்ட கெளுத்தியோட முள்ளு மணல்ல நட்டுக்கிட்டே கிடக்கும். அது குத்துனா விஷ வலி. தூண்டில் முள், சிப்பி ஓடு, கரை ஒதுங்கின சொறி (ஜெல்லி மீன்), எல்லாம் இருக்கும். கடலை நோக்கி நிஜப் பந்தை அடிக்கிற வேலையே வேண்டாம். மன்னார் வளைகுடாப் பக்கமா இருந்தாலும் பாக் நீரிணைப் பக்கமா இருந்தாலும் அடிச்ச பந்து பவளத்துக்கும் கடல் புல்லுக்கும் நடுவுலதான் போய்க் கிடக்கும். கரையில வலை உலர்த்துறவங்க, நடக்குறவங்க இருக்காங்க. 46 கிராம் பந்து தலையில பட்டா விளையாட்டு இல்ல.

மண்டபம்:

மணல்ல பழகுறதுல எங்க ஏமாறுவோம்னு ஒண்ணு சொல்லிரணும், கேள்வியில அதுவும் இருந்துச்சு. ஈர மணல் தடம் படிக்க. காய்ஞ்ச மணல் காலை அடக்கிப் பழக. கண்மாய்த் தரையும் புல்லும் தரையை மிதிச்சு அடிக்க. மூணும் மூணு வேலை, ஒண்ணுல பழகினதை இன்னொண்ணுல எதிர்பாக்கக் கூடாது.

காய்ஞ்ச மணல்ல பக்கவாட்டு உதைப்பு நிக்காது. அதனால அங்க முழு டிரைவர் வீச்சு பழகினா, கால் தரையை நம்பாமப் போயிரும், கையால அடிக்கிற பழக்கம் வந்துரும். அதே மணல் பங்கர் (மைதானத்துல இருக்கிற மணல் குழி) அடிக்கு அருமையான ஆசிரியர். பாதத்தைத் திருகித் திருகி ஒரு அங்குலம் புதைச்சு நில்லுங்க. உடம்பு ஒரு அங்குலம் இறங்கியிருக்கும், அதனால கிளப்பையும் ஒரு அங்குலம் கீழ பிடிக்கணும். இதை மறந்தா ஆழமா வெட்டும். பாரம் அறுபது பங்கு இடது காலுக்கு ஆரம்பத்துலயே கொடுத்துட்டு, முடியிற வரைக்கும் அங்கேயே. வலது பக்கம் போகவே வேண்டாம். சேண்ட் வெட்ஜ் முகத்தைத் திறந்து, பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னால மணல்ல நுழைஞ்சு முன்னால வெளிய வரணும். முட்டி ஆடினா அந்த ரெண்டு அங்குலம் நாலாகும்.

போட்டிக்குப் போறதா இருந்தா விதியும் தெரிஞ்சிருக்கணும். பங்கர்ல நிக்கும்போது பாதத்தை ஓரளவு புதைச்சு ஊன்றலாம். ஆனா அடிக்கிறதுக்கு முன்னால பந்துக்கு நேர் முன்னாலயோ பின்னாலயோ கிளப்பை மணல்ல வைக்கக் கூடாது, பேக்ஸ்விங்லயும் ஒத்திகை வீச்சுலயும் மணலைத் தொடக் கூடாது. தொட்டா ஸ்ட்ரோக் (அடி) எண்ணுற ஆட்டத்துல ரெண்டு அடி தண்டனை. கடற்கரையில கோடு போட்டு வெட்டிப் பழகின கை அங்கேயும் தொட்டுரும், அதனால பங்கர் பழகும்போது கிளப்பைக் காத்துல தூக்கிப் பிடிச்சே நிக்கிற பழக்கத்தை இங்கேயே கொண்டுவந்துருங்க.

காத்து. மே மாசத்துல இருந்து கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் நின்னா காத்தே உடம்பைத் தள்ளும். அன்னைக்குப் பாரம் மாறுறதைப் பழகாதீங்க, காத்து தள்ளினதை உங்க கால் செஞ்சதா நினைச்சுக்குவீங்க. ஒரு பாத அகலம் கூட்டி நின்னு, கிளப்பைக் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சு, முக்கால் வீச்சு. வாடைக் காலத்துல பாக் நீரிணைப் பக்கத்துக்கும் இதேதான்.

உப்பைப் பத்தி ஒரு வார்த்தை. மணல்ல பட்ட கிளப்பை அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவித் துடைக்கணும், முகத்துல இருக்கிற கோடுகளுக்குள்ள பழைய பல் தேய்க்கிற பிரஷ் போட்டு. ஒரு ராத்திரி விட்டா வெட்ஜ் முகத்துல செம்பழுப்பு பூத்துரும். கிரிப்பையும் (கைப்பிடி) சோப்புத் தண்ணியில துடைங்க, உப்பு படிஞ்ச கிரிப் வழுக்கும், வழுக்கினா கை இறுக்கும், கை இறுகினா இடுப்பு நின்னுரும்.

உச்சிப்புளி வாசி:

நன்றி அண்ணே. எந்த வரிசையில பழகணும்னு மட்டும் சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யப் பாத்தா எதுவும் ஒட்டாது. டிரைவர் எப்பத் தொடலாம்?

தொண்டி:

முதல் ரெண்டு வாரம் 7 அயர்ன் மட்டும். காலையில தடம் எடுக்கிறது அஞ்சு நிமிஷம், அப்புறம் கண்மாய்ல விளிம்புக்கு அடியில கல் வச்ச அரை வீச்சு இருபது, பனைமரம் பத்து. ரெண்டாவது தடத்துல அந்த வரப்பு மறையிற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க. அது மறைஞ்சதும் காலடி எடுத்து வைக்கிற பயிற்சி. அதுல தொப்னு கேட்டுட்டு வீச்சு வர்றது பத்துக்கு எட்டு ஆனதும் கோடு போடுற பயிற்சி. பத்துக் கோட்டுல ஏழு சரியா விழுந்தா டிரைவரை எடுங்க.

டிரைவர்ல ஒரு வித்தியாசம் இருக்கு. பந்து இடது குதிகாலுக்கு உள்பக்கம், முதுகு லேசா வலப்பக்கம் சாஞ்ச நிலை, படும்போது தலை பந்துக்குப் பின்னாலேயே. பாரம் இடதுக்குப் போகணும், தலை போகக் கூடாது. இதைக் குழப்பிக்கிட்டுத் தலையையும் சேத்துத் தள்ளினா பந்து உயரமாப் போய் வலப்பக்கம் விழும். கண்மாய்த் தரையில அடிக்கும்போது உங்க நிழல் பந்து மேல விழுற மாதிரி வெயிலுக்கு முதுகு காட்டி நின்னு, தலை நிழலோட விளிம்புல ஒரு கிளிஞ்சல் வைங்க. பேக்ஸ்விங்லயும் டவுன்ஸ்விங்லயும் தலை நிழல் அந்தக் கிளிஞ்சலை விட்டு இடது பக்கம் தாண்டக் கூடாது. இடுப்பு நிழல் மட்டும் தாண்டட்டும்.

கீழக்கரை:

கொடைக்கானல் போறதா இருந்தா ஒண்ணு சேத்துக்குங்க. அங்க தரை ஏத்த இறக்கம், சமதளத்துல பழகின கால் அங்க குழம்பும். பந்து பாதத்தைவிட மேல இருந்தா பாரம் குதிகாலுக்குப் போகும், கொஞ்சம் விரல் பக்கம் வச்சுக்குங்க, பந்து இடப்பக்கம் போகும்னு வலப்பக்கம் குறிவைங்க. கீழ இருந்தா நேர் எதிர், முட்டியை மடிச்சு, குதிகாலை ஊன்றி, கடைசி வரைக்கும் அந்த மடிப்பைப் பிடிச்சுக்கணும். இறக்கத்துல நின்னு அடிக்கும்போது தோளைச் சரிவோட சேத்துச் சாய்ச்சு, இடது காலிலேயே பாரத்தை விட்டுட்டு, அடிச்ச கையோட இறக்கத்துல ரெண்டு எட்டு நடந்துருங்க. இதுக்கும் அரியமான்லயே ஒத்திகை பாக்கலாம், அலை அரிச்ச திட்டுக்குப் பக்கத்துல ஒரு கால் மேல, ஒரு கால் கீழ வச்சு நிக்கிற இடம் தினமும் புதுசா கிடைக்கும்.